நங்கையா வீட்டு லிப்பாஸ் அடுப்பு

1

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் சரசு, தின்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று சமையலறை அலமாரியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் பின்னால் குதித்து, "அம்மா, லிப்பாஸ்" என்றாள்.

"தமிழில் சொல்லு" என்றேன். வீட்டுக்குள் தமிழ்தான் பேச வேண்டும் என்பது எங்கள் சட்டம். சட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர். அவரே தூக்கத்தில் மலாயில் உளறுவார் என்பது வேறு விஷயம்.

சரசு யோசித்தாள். அலமாரியில் இருந்ததும் தன்னைத் தமிழில் என்னவென்று சொல்லப் போகிறாள் எனக் காத்திருப்பது போல மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் அவள், "கால் நிறைய இருக்கிற பழுப்புப் பூச்சி" என்றாள். அதற்குள் அது போய்விட்டது.

கரப்பான்பூச்சிக்கு மலாயில் லிப்பாஸ் என்று பேர். ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பேர்தான் முதலில் வாயில் வரும். அவளைச் சொல்லி என்ன? நம் எடப்பாடிப் பக்கத்தில் ஓர் ஊரே அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதுவும் பூச்சிக்கு அல்ல, ஓர் அடுப்புக்கு. அது எப்படி நடந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. எனக்கு நங்கையா முறை. எடப்பாடிக்குத் தெற்கே அவருக்கு மேட்டாங்காடும் ஒரு கிணறும் உண்டு. புருஷன் இறந்த பிறகு ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்த்து, ஒரே மகன் நல்லப்பனை வளர்த்துப் படிக்க வைத்தவர். மேட்டூர் அணை கட்டி முடிந்த சமயத்தில் நல்லப்பனுக்கு அங்கே மதகு திறந்து மூடுகிற பிரிவில் வேலை கிடைத்தது. அடுத்து பாவாயியோடு கல்யாணம் நிச்சயமானது.

அந்தக் கல்யாணத்துக்கு எங்களால் போக முடியவில்லை. தோட்டத்துத் துரை லீவு தரவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் கல்யாணமா என்று இவர் சோறு இறங்காமல் அலைந்தார். அப்படி அலைந்ததில் ஈப்போவில் ஒரு சீனர் கடையில் அந்தச் சீமெண்ணெய் அடுப்பு கண்ணில் பட்டது.

சாதாரண அடுப்பு இல்லை. நாலு இரும்புக் காலில் மேசை மாதிரி நிற்கும். மேலே மூன்று பர்னர். ஒவ்வொன்றுக்கும் பித்தளை வளையமும் நீளக் குழாயும். எண்ணெய் ஊற்ற ஒரு கண்ணாடி ஜாடி. ஓர் ஓரத்தில் ரொட்டி சுடுவதற்குக் கதவு வைத்த தகரப் பெட்டி. கதவில் குட்டியாக ஒரு கண்ணாடி ஜன்னல்கூட இருந்தது. நான் அப்போது வீட்டில் ஈர ரப்பர் விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தவள். அந்த ஜன்னல் வழியாக உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அடுப்பு கப்பல் ஏறிவிட்டது.

அதைக் கொண்டுபோனவர் ஊருக்குத் திரும்பிய எங்கள் தோட்டத்துக் கங்காணி ஒருவர். நாகப்பட்டினத்துச் சுங்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். இது பாத்திரமா, இயந்திரமா, மர சாமானா என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். கங்காணி உண்மையானவர். "எனக்கும் தெரியாதுங்க" என்று சொல்லியிருக்கிறார். வெயில் ஏறும்வரை யோசித்துவிட்டு, "கதவுள்ள இரும்பு மேசை" என்று எழுதி விட்டார்களாம். அடுப்பு கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது. வந்தவர்களெல்லாம் மாப்பிள்ளையைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார்கள் என்று நல்லப்பன் கடுதாசி போட்டிருந்தான்.

3

சில வருஷம் கழித்து ஒருவழியாக லீவு கிடைத்து நாங்கள் ஊருக்குப் போனோம். சரசுவுக்கு அதுதான் முதல் பயணம்.

முதல் நாளே குழப்பம். காலையில் எழுந்தவள் நங்கையாவிடம் போய், "நான் மண்டி பண்ணணும்" என்றாள். மலாயில் குளிப்பதற்கு மண்டி என்று சொல்வார்கள். நங்கையாவுக்கு மண்டி என்றால் வெல்ல மண்டி.

"கொழந்தை வெல்ல மண்டியப் பாக்கோணுங்குது. ஆசைப்பட்டுக் கேக்குது, வண்டியப் பூட்டுடா" என்று பண்ணையத்து ஆளிடம் சொல்லிவிட்டார். நான் வீட்டுப் பின்பக்கத்துப் பொடக்காளியிலிருந்து வந்து பார்க்கும்போது என் மகள் சோப்பும் துண்டுமாக மாட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். குளிக்கிற இடம் இவ்வளவு தூரமா என்று அவள் முகத்தில் கேள்வி.

என் வீட்டுக்காரர் கவலை வேறு. அடுப்பு எங்கும் தென்படவில்லை. சமையல் கட்டில் பழைய மண் அடுப்புதான் எரிந்தது.

"அக்கா, நான் அனுப்பிச்ச அடுப்பு?"

"பத்தரமா இருக்குது சாமி. நீ மொதல்ல சோத்தை உண்ணு."

மறுபடி கேட்டால் தட்டில் கச்சாயம் வந்தது. அதற்கப்புறம் கேட்டால் கொள்ளுப்பருப்பு. இப்படிக் கேட்டுக் கேட்டே அவர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். பாவாயியிடம் நான் கேட்டால், "அத்தையக் கேளுங்க சின்னம்மா" என்பாள். மெலிந்த பெண். வேலையில் காற்று மாதிரி. ஆனால் ஊர்ப் பெண்கள் யாராவது வந்தால் உடனே ஏதாவது வேலையைச் சாக்கிட்டு உள்ளே போய்விடுவாள்.

கண்டுபிடித்தது சரசுதான். மாடு கட்டுகிற கட்டுத்தரையின் மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு குட்டிக் கதவு தெரிந்திருக்கிறது. ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்று திறந்திருக்கிறாள். "லிப்பாஸ், லிப்பாஸ்" என்று அவள் போட்ட சத்தத்தில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது.

எல்லோரும் ஓடினோம். அங்கே நின்றது எங்கள் தாய்மாமன் சீர். கால்கள் துருப்பிடித்து, குழாய்கள் சாய்ந்து, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ அசைந்துகொண்டு.

நங்கையா சமாளித்தார். "லிப்பாசா? இத்தன நாளா இதுக்குப் பேரு தெரியாமக் கெடந்தோம். கம்பெனிப் பேராட்ட இருக்குதே, ஏந்தம்பி?"

இவர் கதவைப் பார்த்தார். அதிலிருந்து இறங்கி வந்தவற்றைப் பார்த்தார். பண்ணையத்து ஆட்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சுற்றி நின்றார்கள். தான் அனுப்பிய சீரில் கரப்பான்பூச்சி குடியிருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஆமாக்கா" என்றார். "லிப்பாஸ்."

4

அடுத்த நாள் நங்கையா எடப்பாடிச் சந்தைக்குக் கிளம்பினார். திரி வாங்க இவரும் வண்டியில் ஏறினார். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் நான் பாவாயியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

அடுப்பை இரண்டு பேருமாகத் தூக்கி வாசலில் வெயிலில் வைத்தோம். தகரப் பெட்டிக்குள் ஏன் அத்தனை கூட்டம் என்பது உடனே தெரிந்தது. நங்கையா அதில் வெல்லம் வைத்திருந்தார். கதவு இருக்கிறது, பூனை திறக்காது என்று கணக்கு. வெல்லம் உருகி, அடித்தகட்டில் படர்ந்து, இறுகி, கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் எறும்பு, எறும்புக்கு மேல் கரப்பான், அவற்றின் மேல் ஒரு பல்லிக் குடும்பம்.

வேப்பிலைப் புகை போட்டேன். அவ்வளவுதான். கதவு வழியாகவும் குழாய் வழியாகவும் திரி போகிற ஓட்டை வழியாகவும் கரப்பான்கள் கொட்டின. சரசு கயிற்றுக் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டாள். நங்கையாவின் கோழிகள் முதலில் வந்தன. பிறகு பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள். பிறகு நான் அதுவரை பார்த்தே இராத கோழிகள். கொஞ்ச நேரத்தில் வாசலே கல்யாணப் பந்தி. ஒரு சேவல் தின்ன முடியாமல் உட்கார்ந்துவிட்டது. அப்போதும் கழுத்தை மட்டும் நீட்டி எட்டினதைக் கொத்தியது.

பெட்டிக்குப் பின்னால் எலி கூடு கட்டியிருந்தது. அடுப்போடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பொடிப்பொடியாகக் கடித்து மெத்தை போட்டிருந்தது. இங்கிலீஷும் சீனமும் கலந்த மெத்தை. அந்த வீட்டில் அந்தப் புத்தகத்தை முழுக்கப் பயன்படுத்தியது அந்த எலி ஒன்றுதான்.

வெந்நீர் ஊற்றி வெல்லத்தை இளக்கினோம். கரண்டிக் காம்பால் சுரண்டினோம். எண்ணெய்ப் பிசுக்குக்கு அரப்புத் தூள், துருவுக்குச் சாம்பலும் தேங்காய் நாரும், பித்தளை வளையத்துக்குப் புளி. ஒரு பர்னர் பளிச்சென்று வந்தது. அந்தப் பக்கத்து பர்னரும் வந்தது. நடுவில் இருந்ததன் குழாயில் மண் அடைத்திருந்தது. குச்சியை எடுத்தேன்.

"சின்னம்மா, அத மட்டும் உட்டுருங்க" என்றாள் பாவாயி.

"ஏனம்மிணி?"

அவள் குனிந்து மற்ற வளையத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே முகம் தெரிகிற மாதிரி மின்னியது.

5

இங்கே மலாயாவில் பூச்சி என்பது சர்க்கார் விஷயம். சுகாதார இன்ஸ்பெக்டர் வருவார். சமையலறையில் டார்ச்சு அடித்துப் பார்ப்பார். ஒரு கரப்பான் தென்பட்டால் முகத்தைச் சுளித்து இங்கிலீஷில் ஒரு காகிதம் தருவார். மறுமுறையும் தென்பட்டால் அபராதம். பூச்சி பூச்சியாகவே இருக்கும். அதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது.

நம் ஊரில் அப்படியா? எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் மழை. பல்லி சொன்னால் திசை பார்க்க வேண்டும். எந்தப் பூச்சி வந்தாலும் ஒரு சேதியோடுதான் வரும். இதெல்லாம் சரசுவுக்குச் சொன்னால், "பூச்சிக்கு யாரம்மா சொன்னது?" என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை.

6

நங்கையா சந்தையிலிருந்து திரும்பி வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே பார்த்துவிட்டார்.

"அம்மிணி, நடுவால இருக்கறதத் தொட்டுப்போட்டியா?"

"இன்னும் இல்லீங்க நங்கையா. மண்ணு அடைச்சிருக்குது."

"அது மண்ணில்ல. கொளவிக் கூடு."

சந்தைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அடுப்புக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். குளவி மண் வைத்த வீட்டில் தொட்டில் ஆடும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு.

"இவ வந்து கொஞ்ச நாள்ல கொளவி வந்து கட்டுச்சு. என்ற கண்ணால பாத்தேன். அடுப்பப் பத்த வெச்சா கூடு வெந்து போயிருமில்ல? அதான் அன்னிக்கே தூக்கிக் கட்டுத்தரைல வெச்சுப்போட்டேன். இன்னிக்கோ நாளைக்கோன்னு பாத்துட்டிருக்கறேன்."

அடுப்பு கேட்பாரில்லாமல் கிடக்கிறது என்று நினைத்தது எங்கள் தப்பு. அந்த வீட்டிலேயே அதிகமாகக் காவல் காக்கப்பட்ட பொருள் அதுதான். வருகிற பெண்களெல்லாம் அந்தக் கூட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் பாவாயியின் வயிற்றைப் பார்த்திருக்கிறார்கள். அவள் ஏன் உள்ளே உள்ளே ஓடினாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நல்லப்பன் எப்பெப்ப ஊட்டுக்கு வருவாருங்க?" என்று கேட்டேன்.

"மாசத்துக்கு ஒருக்கா. அணை நெறஞ்சா அதும் இல்ல. மதகு தொறக்கோணும், மூடோணும்."

"வந்தா தங்குவாருங்களா?"

"காட்டுல சோலி கெடக்குதே அம்மிணி. வெள்ளாமையப் பாத்துப்போட்டுப் பொழுதோட பஸ்ஸு ஏறிப்போடுவான்."

நான் பாவாயியைப் பார்த்தேன். அவள் கோழியைப் பார்த்தாள்.

"கொளவி தன்ற வேலையச் செஞ்சு போட்டுதுங்க நங்கையா" என்றேன். "மிச்ச வேலைய மனுசங்கதான செய்யோணும்?"

என் வீட்டுக்காரர் ஒருமுறை இருமிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

நங்கையாவுக்குக் கோபம் வரவில்லை. யோசனைதான் வந்தது. "அங்க கோட்டர்ஸ் குடுத்துத்தான் இருக்கறாங்க. ஒத்த அறைதான், மேல ஓட்டு வில்லை. ஆனா புது ஊரு. வெறகுக்கு எங்க போறது? ஒரு சுள்ளி கெடைக்காதாமா. அவனே ஓட்டல்ல திங்கறான். இவள அனுப்புனா எதை வெச்சு ஆக்குவா?"

எல்லோர் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது.

"இதுக்கு வெறகு வேண்டாங்களே அத்தை" என்றாள் பாவாயி. அவள் அவ்வளவு நீளமாக மாமியாரிடம் பேசி நான் கேட்டதில்லை.

நங்கையா கூட்டையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கு இதையில்ல ஒடைக்கோணும்."

"நானே பாக்கறனுங்க."

சாக்குத் தைக்கிற கோணி ஊசியை எடுத்துக்கொண்டு பாவாயி உட்கார்ந்தாள். மெதுவாக ஒரு பக்கம் கிளறினாள். காய்ந்த மண் உதிர்ந்தது. இன்னும் கிளறினாள். வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் வெளியே போன ஓட்டை. உள்ளே ஒன்றுமில்லை. உள்ளங்கையில் மண்ணைக் கொட்டி மாமியாரிடம் காட்டினாள்.

"போயிருச்சா?" என்றார் நங்கையா.

"எப்பவோ போயிருச்சுங்க அத்தை. அதுங்க பொறந்து, றெக்கை மொளைச்சு, அதுங்க பாட்டுக்குப் போயிருச்சு. நாமதான் பாத்துட்டு இருந்தோம்."

நங்கையா அந்த மண்ணை வாங்கி, விரலால் ஒருமுறை நிமிண்டிப் பார்த்தார். பிறகு வேலி ஓரம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். வந்தவர் புளியை எடுத்து, நடு வளையத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். எங்களைவிட அழுத்தமாகத் தேய்த்தார்.

7

திரி எடப்பாடியில் எந்தக் கடையிலும் இல்லை. இவர் ஒரு நெசவுக்காரரிடம் போய் அகலமான நாடாவாக நெய்து தரச் சொல்லியிருக்கிறார். எந்தச் சேலைக்குக் கரை என்று அவர் கேட்டாராம். அடுப்புக்கு என்றதும், அடுப்புக்குச் சேலை கட்டுகிற ஊரா மலாயா என்று தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தாராம். ஆனால் நெய்து கொடுத்தது நல்ல திரி. பாவாயி அதை வட்டமாகத் தைத்துப் பர்னருக்குள் இறக்கினாள். எண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம்.

பற்ற வைத்ததும் முதலில் கறுப்புப் புகை. பிறகு திரியை இறக்க இறக்க மஞ்சள், அப்புறம் ஓரம் நீலம். என் வீட்டுக்காரர் முகத்தில் அணையையே தான் கட்டியது போல ஒரு களை. ஆனால் தகரப் பெட்டியின் இடுக்குகளில் நாங்கள் எட்டாத வெல்லம் இன்னும் இருந்திருக்கிறது. சூடு ஏறியதும் அது உருக ஆரம்பித்தது. ஊரெல்லாம் பாகு வாசனை. கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொம்போடு வந்து நின்றார்.

"ஏனுங்க, கரும்பாலை போட்டுட்டீங்களாட்ட இருக்குது. ஒரு வாய் பாகு கெடைக்குமுங்களா?"

"ஆலையில்லீங்க" என்றார் நங்கையா. "லிப்பாஸு."

சூடு பொறுக்காமல் பெட்டிக்குள் எங்கோ தங்கியிருந்த கடைசிக் கரப்பான் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. பாவாயி கதவைத் திறந்துவிட்டாள். அந்தப் பருத்த சேவல் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

முதல் காப்பி நங்கையாவுக்கு. "சீமெண்ணெ வாசம் அடிக்குது" என்றார். டம்ளரை வைத்தபோது அதில் சொட்டு இல்லை.

8

நல்லப்பன் வழக்கம் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். இந்தமுறை யாரும் அவனைக் காட்டுக்கு அனுப்பவில்லை. பாவாயியைக் கூட்டிக்கொண்டு போ என்று அம்மா சொன்னதை நின்றபடியே கேட்டான். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் அடுப்பின் கால்களைக் கழற்றுவது எப்படி என்று இவரிடம் தேவைக்கு மேல் கேள்வி கேட்டான்.

மறுநாள் எடப்பாடியில் மேட்டூர் பஸ்ஸுக்கு நின்றோம். நல்லப்பன், பாவாயி, சாக்கில் சுற்றிய அடுப்பு. இவர்களோடு நங்கையாவும் ஒரு மூட்டையோடு நின்றார்.

"ஒரு மாசம் கூட இருந்து பழக்கிப்போட்டு வாரேன். புது அடுப்பு, புது ஊரு. சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்?" என்று என்னிடம் சொன்னார். நல்லப்பன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர்களுக்குக் கிடைத்திருந்தது ஒற்றை அறை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அதை நான் எப்படிச் சொல்வது?

பஸ் வந்தது. கூரை மேல் சேலைப் பொதிகள் அடைந்திருந்தன. கண்ணாடி ஜாடி உடைந்துவிடும் என்று நல்லப்பன் அடுப்பை உள்ளே ஏற்றினான். அது ஒரு ஆள் இடத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டது. நங்கையா படியில் ஒரு காலை வைத்ததும் கண்டக்டர் மறித்தார்.

"எடமில்லீங்க அம்மா. ஒண்ணு அந்தப் பொட்டி வரட்டும், இல்லாட்டி நீங்க வாங்க. ரெண்டும் ஆகாதுங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நங்கையா அப்படியே நின்றார். மகனைப் பார்த்தார். அவன் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். பாவாயியைப் பார்த்தார். அவள் சாக்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, எழுந்து இடம் விடுகிற மாதிரி அரை எழும்பு எழுந்தாள்.

"நீ உக்காரு அம்மிணி" என்றார் நங்கையா. காலை எடுத்துக் கீழே வைத்தார். "அதே வரட்டும்."

மூட்டையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். பொட்டுக்கடலை, மிளகாய்த் தூள், ஒரு கொத்து வேப்பிலை. "திரிய ரொம்ப ஏத்தாத. பொகையும்" என்றார். பாவாயி அழுதாளா சிரித்தாளா என்று கண்டுபிடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

திரும்புகிற வண்டியில் நங்கையா வந்த வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார். கரும்புக்காடு தாண்டி, சாலை மண் தடமாக மாறுகிற இடத்தில் நங்கையா என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, மேட்டூருக்கு அடுத்த பஸ்ஸு எந்நேரத்துக்கு?"

"ஏனுங்க நங்கையா?"

"சும்மாதான் கேட்டேன்."

நான் வண்டிக்காரரிடம் வீட்டைப் பார்த்து மாட்டைக் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொன்னேன்.